கான்சர் என்று போனில் தேடுகிறவர்களுக்கு: திருகோணமலையிலிருந்து அடிக்கடி வரும் கேள்விகள்

அம்மாவுக்கு மார்பகப் புற்றுநோய்ச் சிகிச்சை நடந்த காலத்தில், வீட்டில் ஆங்கிலம் வாசிக்கிற ஆள் நான் என்பதால் தேடுகிற வேலை என் தலையில் விழுந்தது. அது தெரிந்த பிறகு உப்புவெளி, கிண்ணியா, மூதூர், தம்பலகாமம் என்று தெரிந்தவர்களும் அவர்களுக்குத் தெரிந்தவர்களும் ஒரு வீடியோவையோ ஒரு ரிப்போர்ட்டையோ வட்ஸ்அப்பில் அனுப்பி "இது உண்மையா?" என்று கேட்கத் தொடங்கிவிட்டார்கள். ஒரே பதிலைத் திரும்பத் திரும்பத் தட்டுவதற்குப் பதிலாக இதை எழுதுகிறேன். நான் வைத்தியர் இல்லை, தாதியும் இல்லை. எந்த மருந்தை எடுப்பது, எதை விடுவது என்று என்னிடம் கேட்காதீர்கள். ஒரு தகவல் கையில் வந்தால் அதை எப்படிப் பார்ப்பது என்பதைத்தான் இங்கே சொல்ல முடியும்.

டொக்டர் "இன்டர்நெட் பார்க்க வேண்டாம்" என்றார். தேடுவது பிழையா?

பிழையே இல்லை. கிளினிக்கில் விடியவே போய் நம்பர் எடுத்துக் காத்திருந்து உள்ளே போனால் கிடைப்பது சில நிமிடங்கள், அதற்குள் புதிய மருந்தின் பெயர், அடுத்த திகதி, எடுக்க வேண்டிய இரத்தப் பரிசோதனை எல்லாம் சொல்லி முடித்துவிடுவார்கள். மிச்சக் கேள்விகள் வீட்டுக்கு வந்த பிறகுதான் வரும். ஆகவே எல்லாரும் தேடத்தான் செய்வார்கள். டொக்டர் அப்படிச் சொல்வதற்கும் காரணம் இருக்கிறது. இணையத்தில் பார்த்ததை நம்பி மருந்தை நிறுத்திவிட்டு, ஆறு மாதம் கழித்துக் கட்டி பெருத்த பிறகு திரும்பி வருகிறவர்களை அவர் பார்த்திருப்பார். நான் பார்த்தவரையில் வாசித்ததால் பாதிக்கப்பட்டவர்களைவிட, வாசித்ததைக் கிளினிக்கில் சொல்லாமல் வைத்துக்கொண்டு பாதிக்கப்பட்டவர்கள்தான் அதிகம்.

சரி, எங்கிருந்து தொடங்குவது?

கூகிளிலிருந்து வேண்டாம், கையில் இருக்கிற தாளிலிருந்து தொடங்குங்கள்.

வைத்தியசாலையிலிருந்து வீட்டுக்கு விடும்போது தருகிற டயக்னோசிஸ் கார்ட், பயொப்சி, அதாவது கட்டியில் ஒரு சிறு துண்டு எடுத்த பிறகு வருகிற ஹிஸ்டோலஜி ரிப்போர்ட், கிளினிக் கொப்பி, இந்த மூன்றையும் மேசையில் வையுங்கள். அவற்றிலிருந்து சில விடயங்களை ஒரு தாளில் எழுதுங்கள். நோய் முதலில் எந்த உறுப்பில் தொடங்கியது, நுணுக்குக்காட்டியில் பார்த்து எந்த வகை என்று போட்டிருக்கிறார்கள், எந்தக் கட்டம், இப்போது கொடுக்கிற மருந்துகளின் பெயர் என்ன. மார்பகம் என்றால் ஈஆர், பிஆர் (இரண்டும் ஹோர்மோன் ஏற்பிகள்), ஹெர்-2 (ஒரு புரதம்) என்று மூன்று சோதனை இருக்கும், அதற்குப் பக்கத்தில் பொசிட்டிவ் அல்லது நெகட்டிவ் என்று எழுதியிருக்கும். ஈஆர் பொசிட்டிவ் என்றால் டமொக்சிஃபென் போன்ற ஹோர்மோன் மாத்திரை வேலை செய்ய வாய்ப்பிருக்கிறது, ஹெர்-2 பொசிட்டிவ் என்றால் டிராஸ்டுசுமாப் என்ற ஊசி பேச்சில் வரும். மூன்றும் நெகட்டிவ் என்றால் வழி வேறு. அடுத்தடுத்த கட்டிலில் இருக்கிற இரண்டு பேருக்கு "மார்பகக் கான்சர்" என்று ஒரே பெயர் இருந்தாலும் சிகிச்சை முழுக்க வேறாக இருப்பது இதனால்தான். பக்கத்துக் கட்டில் அக்காவுக்கு மாத்திரை மட்டும் கொடுத்தார்கள், எங்களுக்கு ஏன் கீமோ என்று சண்டைக்குப் போகிறவர்களும் உண்டு.

இந்தத் தாள் இல்லாமல் "மார்பகப் புற்றுநோய் குணமாகுமா" என்று தட்டினால், உங்களுடையதல்லாத ஏதோ ஒரு நோயைப் பற்றி இரவு முழுக்க வாசித்துப் பயந்து முடிப்பீர்கள். இரண்டு மூன்று சொல் சேர்த்துத் தேடினால் வருகிற பக்கங்களே மாறிவிடும்.

தமிழில் நம்பத்தக்க தகவல் எங்கே இருக்கிறது?

உண்மையைச் சொன்னால், குறைவு. யூடியூபில் தமிழில் வருவதில் பெரும்பகுதி தமிழ்நாட்டிலிருந்து வருகிறது. அதில் நல்லதும் உண்டு, 1954இல் முத்துலட்சுமி ரெட்டி தொடங்கிய சென்னை அடையாறு புற்றுநோய் நிலையம் போன்ற இடங்களின் வைத்தியர்கள் பேசும்போது நோயைப் பற்றிய விளக்கம் நமக்கும் பொருந்தும். ஆனால் செலவு, காப்பீட்டுத் திட்டம், எங்கே பதிவது போன்றவை நமக்குப் பொருந்தாது. இங்கே அரச வைத்தியசாலையில் சிகிச்சை இலவசம். அந்த வீடியோவில் சொல்கிற இலட்சக்கணக்கான ரூபாயைக் கேட்டுவிட்டு வளவை விற்கலாமா என்று யோசிக்காதீர்கள்.

இலங்கைக்கென்று சுகாதார அமைச்சின் தேசிய புற்றுநோய் கட்டுப்பாட்டு நிகழ்ச்சித்திட்டத்தின் தளம் இருக்கிறது, தமிழிலும் துண்டுப்பிரசுரங்கள் போடுகிறார்கள். ஆங்கிலம் வாசிக்கக்கூடிய பிள்ளை வீட்டில் இருந்தால் அமெரிக்க தேசிய புற்றுநோய் நிறுவகத்தின் தளத்தைப் பாருங்கள். ஒவ்வொரு புற்றுநோய்க்கும் நோயாளருக்கு ஒன்று, வைத்தியருக்கு ஒன்று என்று இரண்டு பதிப்பு வைத்திருக்கிறார்கள், கடைசியாக எப்போது திருத்தினார்கள் என்ற திகதியும் இருக்கும். முதலில் நோயாளர் பதிப்பு. இங்கிலாந்தின் கான்சர் ரிசர்ச் யூகே, மக்மில்லன் என்ற தொண்டு நிறுவனங்கள் இரண்டும் இன்னும் எளிய ஆங்கிலத்தில் எழுதுகின்றன. மூலிகை, சத்துமாத்திரை பற்றி என்றால் நியூயோர்க்கின் மெமோரியல் ஸ்லோன் கெட்டரிங் வைத்தியசாலை தனியாக ஒரு மூலிகைப் பட்டியல் வைத்திருக்கிறது, எது எந்த மருந்தோடு மோதும் என்றுகூட அதில் போட்டிருப்பார்கள்.

கூகிளில் மேலே முதலில் வருவது பல நேரம் காசு கொடுத்துப் போட்ட விளம்பரம். பெரிய தனியார் வைத்தியசாலையின் பக்கம் அழகாக இருக்கும், அதன் நோக்கம் உங்களை அங்கே கூப்பிடுவது. அதைத் தெரிந்துகொண்டு வாசித்தால் போதும்.

இன்னொன்று. பழைய தளங்கள் சிலவற்றின் அடியில் ஹொன்கோட் என்று ஒரு முத்திரை இருக்கும். ஜெனீவாவில் இருந்த ஒரு நிறுவனம் நம்பத்தக்க சுகாதாரத் தளங்களுக்குக் கொடுத்து வந்தது. அந்த வேலை 2022இலேயே நின்றுவிட்டது. இப்போது அந்த முத்திரையைப் பார்த்து எதையும் முடிவுசெய்ய முடியாது.

முள்சீத்தாப்பழம் கீமோவைவிட 10,000 மடங்கு சக்தி என்று ஒரு செய்தி வந்தது. உண்மையா?

இந்தச் செய்தி எனக்கு வராத மாதம் இல்லை. சிங்களத்தில் கட்டு அனோதா என்று சொல்கிற அதே முள்ளுப்பழம். சில நேரம் பழம் மாறித் தேசிக்காய் ஆகிவிடும், 10,000 மட்டும் மாறாது! ஆகவே ஒருமுறை முழுதாகப் பிரித்துப் பார்ப்போம், மற்றச் செய்திகளுக்கும் இதே வழி உதவும்.

அந்த எண் வெறும் கற்பனையில்லை. 1996இல் அமெரிக்காவின் பர்டியூ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அந்தப் பழத்தின் விதையிலிருந்து ஒரு பொருளைப் பிரித்தெடுத்து, ஆய்வுகூடத்தில் வளர்த்த பெருங்குடல் புற்றுநோய்க் கலங்களின் மேல் போட்டுப் பார்த்தார்கள். அந்தக் கலங்களைக் கொல்வதில் அது அட்ரியாமைசின் என்ற கீமோ மருந்தைவிட 10,000 மடங்கு வீரியமாக இருந்தது என்று எழுதினார்கள். அவ்வளவுதான் நடந்தது.

இப்போது அதற்கும் உங்களுக்கு வந்த செய்திக்கும் நடுவில் என்னென்ன காணாமல் போயிருக்கிறது என்று பாருங்கள். அவர்கள் எடுத்தது விதை, உங்களைக் குடிக்கச் சொல்வது சாறு அல்லது இலை அவித்த தண்ணீர். அவர்கள் பார்த்தது ஆய்வுகூடத்துக் கலம், மனிதர் யாரும் அதில் இல்லை. ஒப்பிட்ட அட்ரியாமைசின் பெருங்குடல் புற்றுநோய்க்கு வழக்கமாகக் கொடுக்கிற மருந்தே இல்லை. ஆய்வுகூடத்தில் கான்சர் கலத்தைக் கொல்வது பெரிய காரியமும் இல்லை, ப்ளீச் ஊற்றினாலும் சாகும். வாயால் சாப்பிட்டு, ஈரலைத் தாண்டி, இரத்தத்தில் போதிய அளவு சேர்ந்து, நல்ல கலங்களை விட்டுவிட்டு அதை மட்டும் கொல்லுமா என்பதுதான் கேள்வி. மனிதரில் அதைக் காட்டிய நம்பத்தக்க ஆய்வு எதுவும் இல்லை. மறுபக்கம், கரீபியன் தீவான குவாதலூப்பில் இந்தப் பழத்தையும் இலைக் கசாயத்தையும் நெடுங்காலம் எடுத்தவர்களிடம் பார்கின்சன் போன்ற நரம்புக் கோளாறு கூடுதலாக இருப்பதாக 1999இல் வைத்தியர்கள் எழுதினார்கள். செய்தியில் அது வராது.

பழம் ருசியானது, ஆசைக்கு எப்போதாவது ஒரு துண்டு சாப்பிடுவதற்கும், இலையைத் தினமும் அவித்துக் குடித்துக்கொண்டு கீமோத் திகதியைத் தவறவிடுவதற்கும் உள்ள வித்தியாசத்தைத்தான் சொல்கிறேன்.

வட்ஸ்அப்பில் செய்தியின் மேல் இரட்டை அம்புக்குறி இருந்தால் அது பல கைகள் மாறி வந்தது என்று அர்த்தம். அனுப்பிய மாமாவுக்கே யார் எழுதியது என்று தெரியாது. "ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் வைத்தியசாலை சொல்கிறது" என்று வருகிற நீளமான செய்தியும் அப்படித்தான், அதைத் தாங்கள் எழுதவில்லை என்று அந்த நிறுவனமே வெளிப்படையாக மறுத்தும் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது.

அப்படியானால் மஞ்சள், கருஞ்சீரகம், சித்த மருந்து எல்லாம் பொய்யா?

பொய் என்று நான் சொல்லவில்லை. திருகோணமலையில் சித்த மருத்துவத்தைப் பல்கலைக்கழகத்திலேயே படிப்பிக்கிறார்கள், பதிவுபெற்ற சித்த வைத்தியர்கள் இருக்கிறார்கள். கருஞ்சீரகத்தில் நம்பிக்கை வைக்கிறவர்களுக்கு அது மார்க்கத்தோடும் சேர்ந்தது, அதை நக்கலடிக்க எனக்கு உரிமையில்லை. கறியில் போடுகிற அளவு மஞ்சளுக்கும் ஒருவரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள்.

பிரச்சினை அளவிலும் சேர்க்கையிலும் வருகிறது. மஞ்சளில் இருக்கிற குர்குமின் உடம்பில் சரியாக உறிஞ்சப்படாது என்பதால் மிளகுச் சத்தோடு சேர்த்துச் செறிவான மாத்திரையாக விற்கிறார்கள், அப்படி எடுத்தவர்களுக்கு ஈரல் பாதிப்பு வந்த சம்பவங்கள் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கின்றன. கீமோ மருந்துகள் பலவற்றை உடைத்து வெளியேற்றுவதும் அதே ஈரல். கருஞ்சீரகத்தில் இருக்கிற தைமோகுயினோன் என்ற பொருளும் ஆய்வுகூடத்தில் நன்றாகத்தான் வேலை செய்கிறது, மேலே சொன்ன முள்சீத்தாவின் கதையைத் திரும்ப வாசியுங்கள்.

"இயற்கைச் சத்துத்தானே, என்ன செய்யப்போகிறது" என்பவர்களுக்கு ஒரு பழைய கதை. காய்கறி, பழம் நிறையச் சாப்பிடுகிறவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் குறைவு, அவற்றில் பீட்டா கரோட்டின் இருக்கிறது, அதை மாத்திரையாகக் கொடுத்தால் நல்லதாகத்தானே இருக்கும் என்று நினைத்து, பின்லாந்தில் புகைபிடிக்கிற 29,000க்கும் மேற்பட்ட ஆண்களை வைத்துப் பரீட்சித்தார்கள். 1994இல் முடிவு வந்தபோது, மாத்திரை எடுத்தவர்களில் நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் கூடியிருந்தது. கேட்க நியாயமாக இருந்த யோசனைதான். மனிதரில் பார்த்த பிறகுதான் தெரிந்தது.

சித்த வைத்தியரிடம் போனால் டயக்னோசிஸ் கார்டையும் கொண்டுபோங்கள், அவர் தந்ததைக் கிளினிக் கொப்பியிலும் எழுதுங்கள். கீமோவை நிறுத்து என்று யார் சொன்னாலும் எழுந்து வந்துவிடுங்கள், அது எந்தப் பட்டம் பெற்றவராக இருந்தாலும் சரி.

சீனியை விட்டால் கான்சர் பட்டினியில் சாகுமா?

சாகாது. கான்சர் கலம் குளுக்கோசை வேகமாக எடுப்பது உண்மை, உடம்பில் கான்சர் எங்கே இருக்கிறது என்று பார்க்கிற பெட் (PET) ஸ்கேன் வேலை செய்வதே அதை வைத்துத்தான். ஆனால் நீங்கள் சீனியை விட்டாலும் சோற்றிலிருந்தும் தசையிலிருந்தும் உடம்பு குளுக்கோஸ் செய்துகொண்டேதான் இருக்கும். கீமோவில் வாய் கசந்து எதுவும் இறங்காத ஆளிடமிருந்து இனிப்புத் தேத்தண்ணியையும் பறிப்பது வெறும் கொடுமை. நீரிழிவு இருந்தால் அது வேறு கணக்கு, கிளினிக்கில் கேளுங்கள்.

ஒவ்வொரு நாளும் ஒரு பொருள் "கான்சர் வரவைக்கும்" என்கிறார்கள். எதை நம்புவது?

உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் பொருட்களை வகைப்படுத்துகிறது. அந்த வகை, ஒன்று புற்றுநோய் உண்டாக்கும் என்பதற்கு ஆதாரம் எவ்வளவு உறுதி என்பதைத்தான் காட்டும், ஆபத்து எவ்வளவு பெரியது என்பதைக் காட்டாது. 2015இல் சொசேஜ் போன்ற பதப்படுத்திய இறைச்சியைப் புகையிலை இருக்கிற முதல் வகையிலேயே சேர்த்தார்கள், அதற்காக இரண்டும் ஒரே அளவு கெடுதல் இல்லை. கைப்பேசி அலைகள் 2011இல் "சாத்தியம் இருக்கலாம்" என்ற கீழ் வகையில் போனது.

அதே பட்டியலின் முதல் வகையில் பாக்கும் இருக்கிறது, புகையிலை போடாத வெற்றிலைக்கூறும் இருக்கிறது. இலங்கையில் ஆண்களிடம் முதலிடத்தில் இருப்பது வாய்ப் புற்றுநோய். மைக்ரோவேவ் பற்றிய வீடியோவைப் பார்த்துப் பயப்படுகிறவர் வாயில் வெற்றிலையை அதக்கிக்கொண்டு பார்ப்பதை என்னென்று சொல்வது.

கீமோ எடுக்காமலே குணமான ஒருவரின் வீடியோ பார்த்தேன். அவர் பொய் சொல்கிறாரா?

பெரும்பாலும் பொய் சொல்லவில்லை, பாதிதான் சொல்கிறார். கவனமாகக் கேளுங்கள், "ஒபரேஷன் செய்த பிறகு கீமோ வேண்டாம் என்று வந்துவிட்டேன்" என்று எங்கோ ஒரு இடத்தில் வரும். கட்டியை எடுத்தது சத்திரசிகிச்சை, பெயர் வாங்கியது சாறு. சிலருக்கு பயொப்சியே செய்திருக்கமாட்டார்கள், கான்சர் என்று முடிவு செய்தது யாரென்றே தெரியாது. அதே சாறைக் குடித்துச் செத்தவர் வீடியோ போடுவதும் இல்லை.

அமெரிக்காவில் ஒரு ஆய்வுக்குழு, உடம்பில் பரவாத மார்பகம், புரோஸ்டேட், நுரையீரல், பெருங்குடல் புற்றுநோய் இருந்தும் மாற்று மருத்துவத்தை மட்டும் தேர்ந்தெடுத்த 281 பேரை, வழக்கமான சிகிச்சை எடுத்த அதே போன்றவர்களோடு ஒப்பிட்டு 2018இல் வெளியிட்டது. மாற்று மருத்துவம் மட்டும் எடுத்தவர்கள் இறக்கும் ஆபத்து இரண்டரை மடங்கு. மார்பகத்தில் ஐந்து மடங்குக்கும் மேல். அதே ஆய்வாளர்கள் 2021இல் சமூக ஊடகங்களில் அதிகம் பகிரப்பட்ட 200 புற்றுநோய்க் கட்டுரைகளை நிபுணர்களிடம் கொடுத்துப் பார்த்தபோது ஏறத்தாழ மூன்றில் ஒன்று தவறான தகவல். அந்தத் தவறானவற்றுக்குத்தான் சரியானவற்றைவிட லைக், பகிர்வு, கருத்து எல்லாம் சேர்த்து அதிகமாக விழுந்திருந்தன. ஆகவே "இத்தனை இலட்சம் பேர் பார்த்திருக்கிறார்கள்" என்பது ஒரு சான்றும் இல்லை.

"ஐந்து வருட உயிர்வாழ்வு 30 சதவீதம்" என்று வாசித்தேன். அப்பாவுக்கு ஐந்து வருடம்தானா?

இல்லை. ஐந்து வருடம் என்பது கணக்கெடுக்க வைத்த ஒரு கோடு. அந்தக் கோட்டைத் தாண்டியவர் அடுத்த நாள் இறப்பார் என்று அர்த்தமில்லை. பிறகு, அந்த எண்ணிக்கை பல வருடங்களுக்கு முன் நோய் கண்டுபிடிக்கப்பட்டவர்களுடையது, இல்லாவிட்டால் ஐந்து வருடம் எப்படி எண்ணுவது? பெரும்பாலும் அமெரிக்கர்களுடையது. எல்லா வயதும் எல்லாக் கட்டமும் ஒன்றாகக் கலந்திருக்கும்.

ஸ்டீபன் ஜே கூல்ட் என்ற அமெரிக்க உயிரியலாளருக்கு 1982இல் வயிற்றில் மெசோதெலியோமா என்ற அரிய புற்றுநோய் வந்தது. நூலகத்தில் தேடியபோது ஆயுளின் நடுக்கோடு (மீடியன்) எட்டு மாதம் என்றிருந்தது. ஆள் கணக்குத் தெரிந்தவர், அந்த எட்டு மாதம் பாதிப் பேர் தாண்டுகிற நடுக்கோடுதானே, தாண்டுகிற பாதியில் சிலர் மிக நீண்டகாலம் இருப்பார்கள் அல்லவா, நான் எந்தப் பக்கம் என்று யோசித்தார். 20 வருடம் இருந்து 2002இல் வேறொரு புற்றுநோயால் இறந்தார். எல்லாருக்கும் அப்படி நடக்காது, அதையும் சொல்லத்தான் வேண்டும். எண்ணிக்கை கேட்க வேண்டுமென்றால் அப்பாவின் ரிப்போர்ட்டை அறிந்த வைத்தியரிடம், அப்பா அதைக் கேட்க விரும்புகிறாரா என்று முதலில் அவரிடம் கேட்டுவிட்டுக் கேளுங்கள்.

இரவில் லாப்பிலிருந்து எஸ்எம்எஸ் வருகிறது, ரிப்போர்ட்டில் சிவப்பு எழுத்து. என்ன செய்வது?

தனியார் லாப்புகள் இப்போது லிங்க் அனுப்பிவிடுகின்றன, கிளினிக் திகதி வருவதற்குள் நாங்கள் வீட்டிலேயே அரை வைத்தியர்களாகிவிடுகிறோம். சிவப்பு என்பது அந்த லாப்பின் வழமையான எல்லைக்கு வெளியே என்று மட்டும்தான் சொல்லும். புற்றுநோய்க்காக இரத்தத்தில் பார்க்கிற குறியீடுகளில் சிஏ-125 மாதவிடாய் நேரத்திலும் கருப்பைச் சார்ந்த வேறு கோளாறுகளிலும் கூடும், சிஇஏ புகைபிடிக்கிறவர்களுக்குக் கூடுதலாகவே இருக்கும். ஒரு தடவை வந்த எண்ணைவிடத் தொடர்ந்து ஏறுகிறதா இறங்குகிறதா என்பதைத்தான் பார்ப்பார்கள், அதனால் முடிந்தவரை ஒரே லாப்பில் எடுங்கள். கீமோ நேரத்தில் வெள்ளணுக்கள் குறைந்து காட்டினால் அன்றிரவு பப்பாசி இலையைத் தேடி ஓடாமல், ரிப்போர்ட்டை உடனே காட்ட வேண்டுமா என்று வார்டுக்கு அழைத்துக் கேளுங்கள்.

தேடவே கூடாத நேரம் உண்டா?

உண்டு. கீமோ எடுத்துக்கொண்டிருக்கிறவருக்கு 38 பாகை செல்சியசுக்கு, அதாவது 100.4 ஃபாரன்ஹைட்டுக்குக் காய்ச்சல் ஏறினால் கூகிளைத் திறக்க வேண்டாம், பனடோல் கொடுத்துவிட்டு விடியட்டும் என்று இருக்கவும் வேண்டாம். நோய் எதிர்ப்புக் கலங்கள் குறைந்திருக்கும்போது வருகிற தொற்று சில மணித்தியாலத்தில் ஆளைக் கொண்டுபோய்விடும். பக்கத்து வைத்தியசாலையின் அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போய், "கீமோ எடுக்கிற ஆள், காய்ச்சல்" என்று வாசலிலேயே சொல்லுங்கள். வாகனம் இல்லாவிட்டால் 1990க்கு அழைத்து அம்புலன்ஸ் கேளுங்கள். மூச்சுத்திணறல், நிற்காத இரத்தப்போக்கு, திடீரென்று கால் மரத்து நடக்க முடியாமல் போவது, இவையும் அப்படித்தான். வெப்பமானி ஒன்று வாங்கி வையுங்கள், நெற்றியில் கைவைத்துப் பார்ப்பது போதாது.

யூடியூபில் பேசுகிறவர் டொக்டர்தான் என்று எப்படித் தெரிந்துகொள்வது?

பெயருக்கு முன்னால் டொக்டர் என்று பல் வைத்தியரும் போடலாம், தமிழ் இலக்கியத்தில் கலாநிதிப் பட்டம் வாங்கியவரும் போடலாம். இலங்கையில் என்றால் இலங்கை மருத்துவ சபையின் பதிவேட்டைத் தளத்திலேயே பார்க்கலாம். பிறகு எந்தத் துறை என்று பாருங்கள், எலும்பு வைத்தியர் கீமோவைப் பற்றிப் பேசினால் அவரும் அந்த இடத்தில் நம்மைப் போலத்தான். வீடியோவின் கீழே ஒரு பொடியின் விலையும் போன் நம்பரும் இருந்தால் அது கடை.

சட்ஜிபிடியிடம் கேட்கலாமா?

ரிப்போர்ட்டில் உள்ள சொல்லை எளிதாக விளக்கச் சொல்லலாம், கிளினிக்கில் என்னென்ன கேட்கலாம் என்று பட்டியல் போடச் சொல்லலாம், இரண்டுக்கும் நல்லாகத்தான் உதவுகிறது. ஆனால் தெரியாததையும் தெரிந்ததைப் போலவே சொல்லும், இல்லாத ஆய்வின் பெயரைக்கூடத் தரும், தமிழில் கேட்டால் சில இடங்களில் இன்னும் தடுமாறும். மருந்தின் அளவை ஒருபோதும் அதனிடம் கேட்காதீர்கள். ரிப்போர்ட்டைப் படமெடுத்துப் போடும்போது பெயரையும் அடையாள அட்டை இலக்கத்தையும் விரலால் மறையுங்கள்.

பேஸ்புக் குரூப்பில் சேரலாமா?

சேரலாம். முடி கொட்டும்போது என்ன செய்தார்கள், வாய்ப்புண்ணுக்கு எதைச் சாப்பிட்டார்கள், தேசிய புற்றுநோய் வைத்தியசாலை இருக்கிற மகரகமவில் கூட வருகிறவர் எங்கே தங்கலாம் போன்றவற்றுக்கு அனுபவப்பட்டவர்களைப்போல யாரும் இல்லை. ரிப்போர்ட்டைப் பெயரோடு போடாதீர்கள். போட்ட அன்றே இன்பொக்ஸில் ஒருவர் வந்து மிகப் பரிவாகப் பேசுவார், மூன்றாவது நாள் வங்கிக் கணக்கு இலக்கம் வரும்.

அம்மாவுக்குக் கான்சர் என்று நாங்கள் சொல்லவில்லை. அவர் கையிலும் போன் இருக்கிறதே?

கடினமான கேள்வி இதுதான். நம்முடைய வீடுகளில் "கட்டி ஒன்று, எடுத்துவிட்டார்கள்" என்று சொல்லி நிறுத்திவிடுவோம். மாத்திரைப் பெட்டியில் டமொக்சிஃபென் என்று எழுதியிருக்கிறது. அம்மா அதைப் பேத்தியிடம் கொடுத்துத் தட்டச் சொல்லுவா, முதல் வரியிலேயே வந்துவிடும். அல்லது மகரகம என்ற பெயரைக் கேட்டதுமே விளங்கிவிடும். தெரிந்த பிறகு பிள்ளைகள் அழக்கூடாது என்று அவர் தெரியாததுபோல் இருப்பார், நீங்கள் அவர் அழக்கூடாது என்று இருப்பீர்கள். இரண்டு பக்கமும் தனித்தனியே இரவில் தேடும். தனியாகத் தேடுகிறவர்தான் மிக மோசமான பக்கத்தில் போய் விழுவார், கேட்டுத் தெளிய ஆளில்லை.

எப்படிச் சொல்வது என்று நான் சட்டம் போடமாட்டேன், ஒவ்வொரு வீடும் வேறு. "உங்களுக்கு எல்லாம் தெரிய வேண்டுமா, இல்லை நாங்கள் பார்த்துக்கொள்ளட்டுமா" என்று அம்மாவிடமே கேட்கலாம். பலர் கொஞ்சம் தெரிந்தால் போதும் என்பார்கள். அந்தக் கொஞ்சத்தைப் பேத்தியின் போன் சொல்லாமல் நீங்கள் சொல்லுங்கள்.

வாசித்ததை டொக்டரிடம் சொன்னால் ஏசுவாரே?

"யூடியூபில் இப்படிச் சொல்கிறார்கள், நீங்கள் ஏன் தரவில்லை" என்று தொடங்கினால் யாருக்கும் கோபம் வரும். "டொக்டர், அம்மா இதையும் எடுக்கிறா, மருந்தோடு சரிவருமா?" என்று போத்தலையே மேசையில் வையுங்கள். பெயர் சொல்வதைவிடப் போத்தலைக் காட்டுவது நல்லது, அதில் என்ன கலந்திருக்கிறது என்று அவர் வாசிப்பார். கேள்விகளை முதல் நாளே கொப்பியின் கடைசித் தாளில் எழுதுங்கள், மூன்றுக்கு மேல் வேண்டாம், முக்கியமானது முதலில். இந்தச் சிகிச்சை எதற்கு, குணப்படுத்தவா கட்டுப்படுத்தவா? வேறு வழி உண்டா? எது நடந்தால் உடனே வர வேண்டும்? இந்த மூன்றுக்கும் பதில் தெரிந்தவர் இணையத்தில் பாதிக் குப்பையைத் தாண்டிப் போய்விடுவார்.

கதிர்ச் சிகிச்சைக்கு, கரண்ட் பிடிக்க என்று நம்மவர்கள் சொல்வதற்கு, மட்டக்களப்புக்கோ மகரகமவுக்கோ போக வேண்டி வரலாம். மகரகமவில் சிங்களம் தெரியாவிட்டால் போனில் மொழிபெயர்த்துச் சமாளிக்கிறார்கள், பேச்சுக்குப் பரவாயில்லை, மாத்திரை எத்தனை வேளை என்பதற்கு அதை நம்ப வேண்டாம். தமிழ் தெரிந்த தாதி ஒருவரைக் கேட்டு எழுதி வாங்குங்கள்.

பெரியப்பா தினமும் காலையில் ஒரு வைத்தியக் குறிப்பு அனுப்புகிறார். எப்படி நிறுத்துவது?

நிறுத்த முடியாது. பொய்யென்று குரூப்பிலேயே எழுதினால் குடும்பச் சண்டைதான் மிஞ்சும், குறிப்பு அடுத்த நாளும் வரும். அவருக்கு உதவி செய்ய வேண்டும் என்று இருக்கிறது, வழி தெரியவில்லை, அதனால் அனுப்புகிறார். வேலை கொடுங்கள். அடுத்த கிளினிக்குக்கு விடிய ஓட்டோவில் கூட வந்து நம்பர் எடுத்துத் தரச் சொல்லுங்கள், குறிப்பில் இருந்த சந்தேகத்தை அங்கேயே அவர் வாயால் டொக்டரிடம் கேட்கட்டும்.